மக்கள் திருந்த வேண்டும் என்று சொல்லித் தப்பிக்க முடியாது

கடலில் பிளாஸ்டிக் சேருவதைப் பற்றிப் புதுச்சேரியில் யாரிடம் பேசினாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. "கவர்மென்ட் தடை போட்டாச்சு, அபராதமும் போடுறாங்க. ஜனங்க திருந்தலைன்னா யார் என்ன செய்ய முடியும்?" அமைச்சர்களின் பேட்டியிலும் இதைத்தான் கேட்கிறோம். கடற்கரைச் சாலையில் மாலை நடைக்கு வருகிறவர்களின் அங்கலாய்ப்பும் இதுதான். செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை கையுறை மாட்டிக்கொண்டு கரையில் குப்பை பொறுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்படுவதும் இதுதான். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடு இல்லாமல் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கருத்து இது. அதனாலேயே இதை யாரும் உரசிப் பார்ப்பதில்லை. உரசிப் பார்த்தால் நிற்காது. எந்தப் பொருளைத் தயாரிக்கலாம், அதை அள்ளும் செலவு யார் தலையில் விழும், அள்ளும் வேலைக்கு யார் பொறுப்பு என்பதையெல்லாம் முடிவு செய்வது அரசு. கடலுக்குப் போகும் பிளாஸ்டிக் அந்த முடிவுகளின் விளைவு. அந்த முடிவுகளை மாற்றாமல் மக்களின் மனசாட்சியிடம் முறையிடுவது, பொறுப்பைக் கைமாற்றிவிடும் வேலை.

முதலில் அந்தத் தடை என்ன செய்தது என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருள்களுக்குத் தடை வந்தது. அதே ஆண்டில் புதுச்சேரியும் தடை விதித்தது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதற்கும் 19 வகைப் பொருள்களை ஒன்றிய அரசு தடை செய்தது: ஸ்ட்ரா, கரண்டி, தட்டு, டம்ளர், காது குடையும் குச்சி, பலூன் குச்சி, ஐஸ்கிரீம் குச்சி, கொடி, அலங்காரத் தெர்மாகோல் என்று போகிறது பட்டியல். கேரி பேக் 120 மைக்ரானுக்குக் குறையக் கூடாது என்பது அந்த ஆண்டு டிசம்பர் 31 முதல். இப்போது இந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டு நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்கு வாருங்கள். மீன் விற்கும் பெண் சங்கரா மீனைச் செதில் நீக்கி, வெட்டி, கழுவிக் கொடுக்கிறார். வாங்குகிறவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் பைக்கை நிறுத்தியவர். கையில் பாத்திரம் இல்லை. ஈரம் சொட்டும் மீன் ஒரு மெல்லிய கவரில் போகிறது, அதைச் சுற்றி இன்னொரு கவர். சட்டம் பிடிப்பது இந்தக் கவரைத்தான். சோதனைக்கு வந்தால் அபராதம் கட்டுகிறவர் இந்தப் பெண். நாலு கடை தள்ளி மளிகைக் கடையின் முகப்பில் தோரணம் போலத் தொங்கும் ஷாம்பு, ஊறுகாய், காபித்தூள், சிப்ஸ் பாக்கெட்டுகள் ஒன்றிய அரசின் தடைப் பட்டியலில் இல்லை. பிளாஸ்டிக்கோடு அலுமினியத்தையும் சேர்த்துச் செய்த அந்தப் பல அடுக்கு உறையை எந்தக் காயலான் கடையும் எடை போட்டு வாங்காது. பால் கவரை வாங்குவார்கள், தண்ணீர் பாட்டிலை வாங்குவார்கள். சிப்ஸ் பாக்கெட்டை மட்டும் யாரும் தொடுவதில்லை. திரும்ப எதற்கும் ஆகாத உறை சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. ஓரளவாவது உருக்கி மறுபடி பயன்படுத்தக்கூடிய கவர் சட்டத்துக்குள் மாட்டிக்கொண்டது.

இது ஏதோ கவனக்குறைவால் நேர்ந்தது என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. 2016 மார்ச்சில் வந்த பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் நல்ல விதிகள். மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு உறைகளைத் தயாரிப்பதையும் பயன்படுத்துவதையும் இரண்டு ஆண்டுகளுக்குள் படிப்படியாக நிறுத்திவிட வேண்டும் என்று அவற்றில் எழுதியிருந்தது. கெடு முடிகிற நேரத்தில், 2018 மார்ச் இறுதியில் திருத்தம் வந்தது. மறுசுழற்சி செய்ய முடியாதவை என்பதோடு, எரித்து ஆற்றல் எடுக்க முடியாதவை, வேறு எந்தப் பயன்பாடும் இல்லாதவை என்ற சொற்கள் சேர்ந்தன. எரிக்க முடியாத பிளாஸ்டிக் உலகில் ஏது? சிமென்ட் ஆலை உலையில் போடலாம் என்று காட்டினாலே போதும், உறை தப்பித்துக்கொள்ளும். ஒரு வரியில் அந்தக் கெடு காற்றில் கரைந்தது. அதே திருத்தத்தில் இன்னொன்றும் போனது. கேரி பேக் கொடுக்கும் கடைக்காரர் உள்ளாட்சியில் பதிவு செய்து மாதம் 4,000 ரூபாயாவது கட்ட வேண்டும், அந்தப் பணம் குப்பை அள்ளப் பயன்பட வேண்டும் என்று 2016 விதிகளில் ஒரு பிரிவு இருந்தது, அதை நீக்கிவிட்டார்கள். இந்தத் திருத்தத்தை நெல்லித்தோப்பு மக்கள் கேட்கவில்லை. இப்படி ஒன்று வந்ததே அவர்களுக்குத் தெரியாது. மக்கள் திருந்தவில்லை என்று சொல்கிறவர்கள் 2018 மார்ச்சில் யார் திருத்தினார்கள், எதைத் திருத்தினார்கள் என்பதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.

அந்தச் சின்ன உறையின் பிறப்பிடம் நமக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடலூர். ஷாம்புவைப் பாட்டிலில் வாங்க முடியாதவர்களுக்கும் ஒரு தலைக்குளியலுக்கான அளவில் விற்கலாம் என்று 1970களில் கண்டுகொண்டவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவருடைய மகன் சி. கே. ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய சிக் ஷாம்பு அந்த யோசனையைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனது. பெரிய கம்பெனிகள் பின்னால் வந்தன. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு ரூபாயில் ஷாம்பு கிடைத்தது சமத்துவத்தின் ஒரு படி. ஆனால் அந்த ஒரு ரூபாயில் உறையை அள்ளும் செலவு சேரவில்லை. லாபம் கம்பெனிக்கு, உறை சாக்கடைக்கு என்ற கணக்கு நாற்பது ஆண்டாக ஓடுகிறது. அந்தக் கணக்கை மாற்றும் அதிகாரம் வாங்குகிறவருக்கு இல்லை. பெரிய பாட்டில் வாங்கக் கையில் காசில்லாதவரிடம் போய் நீங்கள் பொறுப்போடு வாங்குங்கள் என்று சொல்வது அறம் ஆகாது.

சரி, உறை வாங்கியாயிற்று, அதைக் குப்பைத் தொட்டியிலாவது போடக் கூடாதா என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான். தெருவில் எறிவது தவறு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தொட்டி எங்கே இருக்க வேண்டும், வண்டி எத்தனை நாளுக்கு ஒருமுறை வர வேண்டும், ஒப்பந்தக்காரர் வேலை செய்யாவிட்டால் யாரைப் பிடித்துக் கேட்பது? எந்த ஊரிலும் இதற்கு முதல் முகவரி வார்டு கவுன்சிலர். நெல்லித்தோப்புக்குக் கவுன்சிலர் இல்லை. புதுச்சேரியில் எந்த வார்டுக்கும் இல்லை. 1880-இலேயே பிரெஞ்சு நிர்வாகம் கொம்யூன்களை அமைத்து உள்ளாட்சித் தேர்தல் நடத்திய ஊர் இது. விடுதலைக்குப் பின் 1968-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதன் பிறகு 38 ஆண்டு காத்திருந்து 2006-இல் இன்னொரு முறை. அந்த மன்றங்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது, அதோடு சரி. பிளாஸ்டிக் கழிவைச் சேகரித்து, பிரித்து, அனுப்பும் பொறுப்பை 2016 விதிகள் உள்ளாட்சி அமைப்பின் தலையில் வைக்கின்றன. அந்த அமைப்புக்குத் தலையே இல்லாமல் அதிகாரிகளை வைத்து ஓட்டுகிறது அரசு. குப்பை வண்டி வராத தெருவில் இருக்கும் குடும்பம் யாரிடம் போய்ச் சண்டை போடும்? வாக்குக் கேட்டு வந்து, அடுத்த முறை தோற்றுவிடுவோமோ என்று அஞ்சும் ஒருவர் அந்தத் தெருவுக்கு இல்லை. மக்களுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லும் அரசு, மக்கள் பொறுப்பேற்கும் அமைப்பையே பதினைந்து ஆண்டாகப் பூட்டி வைத்திருக்கிறது.

அள்ளப்படாத குப்பை எங்கே போகும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. உப்பாறு வாய்க்காலும் பெரிய வாய்க்காலும் நகரத்தின் தண்ணீரைத் தெற்கே கொண்டுபோய்க் கடலில் சேர்க்கின்றன. மழை இல்லாத மாதங்களில் வாய்க்காலில் பிளாஸ்டிக் தேங்கிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே தள்ளாகப் போய்விடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரு நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை கொட்டியது. அன்று வாய்க்கால்களில் தேங்கியிருந்தது அத்தனையும் கடல் பக்கம் நகர்ந்தது. மழைக்காலத்துக்கு முன் வாய்க்காலைத் தூர்வாருவதும், வாய்க்கால் கடலைத் தொடும் இடத்தில் தடுப்பு வலை போட்டு அன்றாடம் அள்ளுவதும் தனிமனித ஒழுக்கத்தில் சேராது; பொதுப்பணித் துறையும் நகராட்சியும் செய்ய வேண்டிய வேலை அது. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, சுற்றுச்சூழலில் கலக்கும் பிளாஸ்டிக்கில் உலகிலேயே முதலிடம் இந்தியாவுக்கு என்றது. ஆண்டுக்கு 93 லட்சம் டன். நம்மைப் போன்ற நாடுகளில் இதற்குத் தலையாய காரணம் குப்பை அள்ளப்படாததே என்பதும் அந்த ஆய்வின் முடிவு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியக் கணக்கில் 2020-21-இல் நாடு முழுவதும் உண்டான பிளாஸ்டிக் கழிவே மொத்தம் 41 லட்சம் டன்தான். ஆய்வாளர்களின் கணிப்பு மிகை என்றே வைத்துக்கொண்டாலும், உள்ளாட்சிகள் மேலே அனுப்பும் தாளை மட்டும் கூட்டினால் அள்ளப்படாதது கணக்கிலேயே வராது என்பது உறுதி.

மக்கள் மாற மாட்டார்கள் என்பதற்கு மறுப்பு நீலகிரியில் இருக்கிறது. மலைக்காட்டில் உடைந்த மதுப் பாட்டில்கள் யானையின் காலைக் கிழித்தன. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022 மே மாதத்திலிருந்து அந்த மாவட்ட டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தந்தார்கள். 90 விழுக்காட்டுக்கு மேல் பாட்டில்கள் திரும்பி வந்தன. பிறகு திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. வாங்கியவர்கள் யார்? அதே குடிமகன்கள், அதே சுற்றுலாப் பயணிகள். அவர்களுக்கு யாரும் விழிப்புணர்வு வகுப்பு எடுக்கவில்லை. எறிந்தால் 10 ரூபாய் நட்டம், அவ்வளவுதான். போதை ஏறியவர் எறிந்துவிட்டுப் போனாலும் அடுத்தவர் பொறுக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். ஜெர்மனியில் 2003 முதல் நடக்கும் பாட்டில் வைப்புத்தொகை முறையும் இதே தத்துவம்தான். அயர்லாந்தில் 2002-இல் பிளாஸ்டிக் பைக்கு 15 சென்ட் வரி போட்ட சில மாதங்களிலேயே பைப் பயன்பாடு 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. குணம் அப்படியே இருக்க, விதி மாறியதால் நடத்தை மாறியது. பால் கவரைக் கழுவிச் சேர்த்து வைத்துக் காயலான் கடைக்குப் போடும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கம்பெனிகள் மேல் பொறுப்பைச் சுமத்தும் சட்டம்தான் வந்துவிட்டதே என்பார்கள். வந்தது உண்மை. 2022 பிப்ரவரி வழிகாட்டு நெறிகளின்படி, சந்தைக்கு அனுப்பும் உறைக்கு ஈடாகக் கழிவைச் சேகரித்து மறுசுழற்சி செய்ததற்கான சான்றைத் தயாரிப்பாளர் காட்ட வேண்டும். அந்தச் சான்றை மறுசுழற்சி ஆலைகளிடமிருந்து காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். நடந்தது என்ன? குஜராத், மகாராஷ்டிரம், கர்நாடகத்தில் சில ஆலைகள் ஏறத்தாழ 6 லட்சம் போலிச் சான்றுகளை உருவாக்கியிருந்ததை 2023-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே கண்டுபிடித்தது. சான்று நேர்மையானதாக இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. எங்கோ ஓர் ஊரில் ஓர் ஆலையில் பதிவான டன் கணக்கு, நெல்லித்தோப்புச் சாக்கடையிலிருந்து ஓர் உறையைக்கூட எடுப்பதில்லை. உறை விற்ற ஊரில், அந்த ஊர் உள்ளாட்சிக்கே சேகரிப்புச் செலவு வந்து சேர வேண்டும். அப்போதுதான் பொறுப்பு என்ற சொல்லுக்கு எடை வரும்.

கடலுக்கு எல்லை உண்டா, மீன்பிடி வலைகளும் கப்பல்களும் கொட்டுவதை ஒரு சிறிய புதுச்சேரி என்ன செய்யும் என்று கேட்கிறவர்கள் உண்டு. பசிபிக் பெருங்கடலின் நடுவே சுழலும் குப்பைப் பரப்பில் எடையில் கிட்டத்தட்டப் பாதி வலைகள்தான் என்று 2018-இல் ஓர் ஆய்வு சொன்னது, மெய். கப்பல்களும் குற்றவாளிகள்தான். 2021-இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து, 1,600 டன்னுக்கு மேல் பிளாஸ்டிக் குருணை கடலில் கொட்டி இலங்கைக் கரையில் ஒதுங்கியது. 2025 மே மாதம் கேரளக் கரையை ஒட்டி எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியபோது அதே குருணை கன்னியாகுமரி மணலில் வந்து கிடந்தது. ஆனால் இந்த எடுத்துக்காட்டுகள் என் வாதத்துக்கே துணை. கப்பல் கம்பெனியை நீதிமன்றத்தில் நிறுத்த அரசால்தான் முடியும். எக்ஸ்-பிரஸ் பேர்ல் வழக்கில் 100 கோடி டாலர் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2025-இல் ஆணையிட்டது. பழைய வலையைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கும் ஏற்பாட்டைத் துறைமுகத்தில் அரசு வைத்தால், கிழிந்த வலையைக் கடலிலேயே விட்டு வர எந்த மீனவருக்கும் காரணம் இருக்காது. வலையால் அதிகம் நட்டப்படுகிறவர் அவர்தான்.

எல்லை பற்றிய பேச்சு எடுத்தவர்கள் காரைக்காலை ஒட்டி நடப்பதையும் பார்க்க வேண்டும். நாகப்பட்டினம் மாவட்டம் பனங்குடியில் ஆண்டுக்கு 90 லட்சம் டன் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலைக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. பெட்ரோல், டீசலோடு பாலிபுரோப்பிலீனும் அதன் விளைபொருள். சிப்ஸ் பாக்கெட்டுக்கும் சாக்குப் பைக்கும் மூலப்பொருள் அதுதான். பொதுத்துறை நிறுவனம் கட்டும் ஆலை அது. ஒரு கையால் ஸ்ட்ராவைத் தடை செய்துகொண்டு மறு கையால் அதே கரையில் மூலப்பொருளைப் பெருக்கும் அரசு, பிளாஸ்டிக் குறையாததற்கு யாரைக் காரணம் காட்டும்? பிளாஸ்டிக் பற்றிய உலக ஒப்பந்தம் வேண்டும் என்று 2022 மார்ச்சில் நைரோபியில் ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவை முடிவெடுத்தது. 2024 இறுதியில் பூசானில் நடந்த பேச்சில் நூறுக்கு மேற்பட்ட நாடுகள் உற்பத்திக்கு வரம்பு கேட்டன. இந்தியா எதிர்த்தது. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் பேச்சு முறிந்தது. வளரும் நாட்டின் வளர்ச்சி உரிமை என்பது நம் தரப்பு வாதம். அந்த உரிமையை நான் மதிக்கிறேன். ஆனால் சாகர்மாலா போல் கரை நெடுகத் திட்டம் போடும் நாட்டில், வலையில் மீனுக்குப் பதில் கவர் ஏறும் வீராம்பட்டினத்து மீனவரின் பிழைப்பு எந்த வளர்ச்சிக் கணக்கில் வருகிறது?

வேலை போகும், சிறுதொழில் அழியும் என்ற மறுப்பை லேசாகத் தள்ள முடியாது. மெல்லிய கவர் தயாரித்த சின்னப் பட்டறைகள் தடையால் மூடப்பட்டன. அங்கே வேலை செய்தவர்களுக்கு மாற்று ஏற்பாடு பெரிதாக எதுவும் இல்லை. இதில் அநியாயம் நடந்தது உண்மை. ஆனால் அது நடந்தது அரசு அளவுக்கு மீறிக் கடுமை காட்டியதால் என்று சொல்ல முடியாது. எதிர்த்துப் பேசத் திராணி இல்லாதவர்களிடம் மட்டும் கடுமை காட்டியதால் நடந்தது. இருபது தொழிலாளர் உள்ள பட்டறைக்கு விலக்கே இல்லாத தடை, நாடு முழுக்க விளம்பரம் செய்யும் கம்பெனிக்கு இரண்டு ஆண்டுக் கெடு, அந்தக் கெடுவும் முடிகிற நேரத்தில் விலக்கு. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில்தான். பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைகளிடம்தான் பணம் கேட்டது. செருப்பு போட்டுக்கொண்டு நடந்தவர்களைத் திருந்தச் சொல்லவில்லை. பிளாஸ்டிக்கில் மட்டும் அந்த நீதி தலைகீழாக இருப்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தென்படவில்லை.

டெல்லி செய்யாததைப் புதுச்சேரி எப்படிச் செய்யும் என்பது கடைசியில் வரும் மறுப்பு. யூனியன் பிரதேசத்துக்கு அதிகாரம் குறைவு என்பது தெரிந்ததே. ஆனால் இரண்டு பொருள்கள் முழுக்க முழுக்க இந்த அரசின் பிடியில் இருக்கின்றன. ஒன்று பாண்லே பால். கூட்டுறவு நிறுவனம், வீடு வீடாகப் போகும் கவர். பால் போடுகிறவரிடமே காலிக் கவரைத் திரும்பக் கொடுத்தால் மறுநாள் பாலில் சில காசு கழியும் என்று வைக்க எந்த டெல்லி உத்தரவும் தேவையில்லை. இன்னொன்று மது. வார இறுதியில் வெளியூர்க் கூட்டம் இந்த ஊருக்கு எதற்காக வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மதுக்கடை வாசலில் பாட்டிலோடு தண்ணீர் பாக்கெட்டும் பிளாஸ்டிக் டம்ளரும் சேர்ந்தே விற்கின்றன. டம்ளர் தடைப் பட்டியலில் இருக்கிறது; இருந்தும் கிடைக்கிறது. அந்தக் கடைக்கு உரிமம் கொடுத்துப் பணம் வாங்கும் கலால் துறை ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கிறது. பாட்டிலுக்கு 10 ரூபாய் வைப்புத்தொகை வாங்கித் திருப்பித் தர வேண்டும், டம்ளர் விற்றால் உரிமம் புதுப்பிக்கப்படாது என்ற இரண்டு நிபந்தனைகளை அந்த உரிமத் தாளில் சேர்க்க ஒரு அரசாணை போதும். பக்கத்து மாநிலத்தில் நான்கு ஆண்டாக நடக்கும் காரியம் இது. கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே இருந்துகொண்டு இங்கே முடியாது என்று சொல்ல, கலால் வருவாய் குறைந்துவிடுமோ என்ற பயத்தைத் தவிர வேறு காரணம் இருந்தால் அதைச் சட்டப்பேரவையில் எழுந்து சொல்ல வேண்டியது அரசின் கடமை.